வரிசை நோட்டு

ஏற்காடு ஒண்டிக்கடை டாக்ஸி ஸ்டாண்டில் வரிசை நோட்டு எழுதுகிறவன் நான். பெயர் மாதேஷ். ஆனால் எல்லோருக்கும் ரைட்டர்தான். இருபத்தேழு வண்டி, இருபத்தேழு டிரைவர். காலையில் யார் முதலில் வந்து வண்டியை நிறுத்துகிறாரோ அவர் பெயர் முதலில், அடுத்து வந்தவர் அடுத்து. சவாரி வந்தால் நோட்டைப் பார்த்துத்தான் ஆளை அனுப்புவேன். எட்டு வருடத்துக்கு முன்னால் ஒன்பதாவது வளைவில் என் வண்டி பாறையில் மோதி இடது கால் நொண்டியானபோது, இனி ஓட்ட முடியாது என்று தெரிந்து இவர்களே கொடுத்த வேலை இது.

வரிசையை வெட்டுகிறவர்கள் எல்லா ஸ்டாண்டிலும் உண்டு. ஏரிக்கரையிலேயே பயணியை மடக்கி ஏற்றிக்கொண்டு, ஒன்றும் தெரியாதவன் போலச் சேலத்துக்கு இறங்கிவிடுவார்கள். அப்படிப்பட்டவன் பெயரை நோட்டின் கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதுவேன். வெள்ளிக்கிழமை காலை ஸ்டாண்டுப் பிள்ளையாருக்குக் கற்பூரம் காட்டியதும் அந்தப் பெயரை உரக்க வாசிப்பேன். பெயருக்குரியவன் தன் கையாலேயே எல்லோருக்கும் டீ எடுத்துக் கொடுக்க வேண்டும். கடைசி ஆள் குடித்து முடித்த பிறகுதான் அவன் குடிக்கலாம். அபராதம் கிடையாது, திட்டு கிடையாது, அந்த டீ மட்டும்தான். மீசையை முறுக்கிக்கொண்டு திரிகிற ஆட்களெல்லாம் அந்த ஒரு டம்ளருக்குப் பயந்து நடுங்குவதைப் பார்த்திருக்கிறேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, நிறுத்தி நிறுத்தி, ரசித்துத்தான் வாசிப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் சுகம் இருந்தது என்பதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது?

எங்கள் ஸ்டாண்டில் பத்தொன்பது வண்டி வல்லபா. வல்லபா மோட்டார்ஸ் டாக்ஸி மட்டும்தான் செய்வார்கள். வேறு எதுவும் செய்யத் தெரியாது. உயரமான கூரை, ஏழு பேர் உட்கார இடம், மேலே மூட்டை கட்டக் கம்பி. பார்க்க அழகிருக்காது, ஆனால் மலை ஏறும். சில வருடங்களாகக் கம்பெனி தள்ளாடிக்கொண்டிருந்தது. ஊரெல்லாம் வேறு காருக்கு மாறிவிட, பங்கு விலை ஒரு டீயும் இரண்டு பஜ்ஜியும் சாப்பிடுகிற காசுக்கு வந்துவிட்டது. அந்தச் சமயத்தில்தான் கரண்டில் ஓடும் டாக்ஸி கொண்டுவரப் போவதாகக் கம்பெனி அறிவித்தது. செல்போனில் பங்கு வாங்க நான் பழகியிருந்த நேரமும் அதுதான்.

நான்கு பட்டனை அமுக்கத் தெரிந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆதார், பான் கார்டு எல்லாம் வாங்கி ஒவ்வொருவருக்கும் நானே கணக்குத் திறந்து கொடுத்தேன். வாட்ஸப்பில் 'வல்லபா பங்காளிகள்' என்று ஒரு குழு ஆரம்பித்தேன். பதினொரு பேர். சவாரி இல்லாத நேரமெல்லாம் தகரக் கொட்டகைக்குள் கம்பெனியின் எதிர்காலத்தைப் பற்றி வாக்குவாதம் நடக்கும். அந்தக் கம்பெனியின் முதலாளிகூடத் தன் கம்பெனியைப் பற்றி அவ்வளவு யோசித்திருக்க மாட்டார்.

ஒரு புதன்கிழமை மத்தியானம் நடந்த வாக்குவாதம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. மழை. மலை முழுக்க மூடுபனி. ஒரு சவாரிகூட இல்லை.

"ஏனுங்க, இனிமேட்டு டீசலுக்கெல்லாம் காலமில்லீங்க," என்று ஆரம்பித்தார் சுப்பிரமணி. சேலத்துக்காரர், பஜாரில் லாட்ஜ் வைத்திருக்கிறார், எல்லா விஷயத்திலும் அவருக்கு உள்ளே ஓர் ஆள் இருக்கும். "பெங்களூருல ஒரு கம்பெனி ஆயிரம் கரண்டு டாக்ஸி வேணும்னு நம்ம வல்லபாகிட்டத்தான் கேட்டிருக்குதாமா."

"கேட்டாங்க சரி, பணம் கட்டீட்டாங்களாங்க?" என்றான் டோமினிக். ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒர்க் ஷாப் வைத்திருக்கும் மெக்கானிக். எதையும் நம்ப மாட்டான். நாக்கில் எப்போதும் எண்ணெய் கொதித்துக்கொண்டிருக்கும்.

"அது அடுத்த குவார்ட்டர்ல தெரியுமுங்க."

"குவார்ட்டர்னு நீங்க சொன்னா எனக்கு வேற ஞாபகம் வருதுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். சின்னராஜுக்கு மட்டும் கோபம் வந்தது. ஸ்டாண்டிலேயே மூத்த டிரைவர். வல்லபாவை யாராவது குறை சொன்னால் அவனுக்குச் சொந்தப் பெண்டாட்டியைச் சொன்ன மாதிரி.

"என்ற வண்டி ஆறு லட்சம் கிலோமீட்டர் ஓடியிருக்குது. இன்னைக்கும் ஏழு பேர ஏத்திக்கிட்டு இருபது கொண்டை ஊசியும் ஏறுது. இப்பிடி வண்டி செய்யறவன் கெட்டுப்போவானா?"

"அதான்யா வெனையே. ஆறு லட்சம் ஓடுனா நீ எப்பப் புது வண்டி வாங்குவே? உன்னாட்டம் நாலு பேரு இருந்தா அவன் யாருக்கு வண்டி விப்பான்?" என்றான் டோமினிக்.

"கரண்டு வண்டி வரட்டும், வாங்கறேன்."

"மலை ஏறுறதுக்குள்ள பேட்டரி பாதி காலியாயிரும். மேல வந்து எங்க சார்ஜ் போடுவே? அந்த ஒரே ரிசார்ட்டுல, அதும் கரண்டு இருந்தாத்தான்."

"எறங்கறப்ப தானா சார்ஜ் ஏறுதாமா."

"அப்ப எறங்கறதுக்கு மட்டும் வண்டி வாங்கு. ஏர்றதுக்கு பஸ்ஸுல வா."

இந்த இடத்தில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கடைசியில் தீர்ப்பு என்னிடம்தான் வரும். நானும் நோட்டை மூடி வைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, பெரிய மனிதன் போலச் சொன்னேன்: "விலை அடிமாட்டு விலைக்கு வந்தாச்சுங்க. இதுக்குக் கீழ எறங்க எடமில்லை. இனி ஏறித்தான் ஆகோணும்."

மலையில் இருக்கிற ஒருவன் இப்படிச் சொல்லலாமா? கீழே இறங்க இடமில்லை என்று நினைத்த வளைவுக்கும் கீழே இன்னும் பத்து வளைவு இருக்கும் என்று எங்களுக்குத் தெரியாதா?

கொட்டகை ஓரத்தில் பழக்கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கண்ணாயக்கா அப்போதுதான் வாயைத் திறந்தாள். தலைச்சோலைக்காரி. பதினைந்து வருடமாக ஸ்டாண்டு ஓரத்தில் ஆரஞ்சும் பேரிக்காயும் பொட்டலம் கட்டிய மிளகும் விற்கிறாள். என்னைவிட நான்கு வயது மூத்தவள். ஆனாலும் என்னை 'ங்க' போட்டுத்தான் பேசுவாள்.

"ஏனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. இங்க இருக்கறதுல ஆருங்க அந்தக் கரண்டு வண்டிய வாங்கப் போறது?"

சின்னராஜ் தன் வண்டியைத் திரும்பிப் பார்த்தான். "என்றது இன்னும் பத்து வருசம் ஓடுமுங்க்கா," என்றான் மெதுவாக. சுப்பிரமணி, "எனக்கெதுக்குங்க டாக்ஸி?" என்றார்.

அந்த ஒரு கேள்வியோடு நாங்கள் எழுந்து வேலையைப் பார்க்கப் போயிருக்க வேண்டும். அத்தனை நாள் பேசியதில் உருப்படியான பேச்சு அது ஒன்றுதான். ஆனால் தீர்ப்புச் சொன்னவன் நானாயிற்றே. விட முடியுமா?

"அக்கா, வண்டி வேற, ஷேரு வேற. நீங்க பழம் விக்கறீங்க. எல்லாப் பழத்தையும் நீங்களேவா திங்கறீங்க?"

எல்லோரும் கொட்டகை அதிரச் சிரித்தார்கள். கண்ணாயக்காவும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். "அதுஞ் சரித்தானுங்க," என்றாள்.

அவள் மகள் தீபிகாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருபத்துமூன்று வயது. நாகலூர் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்துக்கொண்டே டிரைவிங் படித்து, லைசென்ஸ் எடுத்து, போன வருடம் டாக்ஸி ஓட்டுவதற்கான பேட்ஜும் வாங்கிவிட்டாள். சின்னராஜ் தன் வண்டியைக் கொடுத்து அவளைச் சேலம் வரை இறக்கி ஏற்றிப் பார்த்தான். "நம்ம பசங்கள்ல பாதிப் பேரு இவகிட்டப் பிச்சை வாங்கோணும்," என்று சொல்லிவிட்டான். பழைய வல்லபா ஒன்று வாங்கி எங்கள் ஸ்டாண்டில் ஓட்டுவது என்று முடிவு. அதற்கு முன்பணமாகத்தான் கண்ணாயக்கா வருடக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்தாள். நோட்டில் இருபத்தெட்டாவது பெயராகத் தீபிகாவை எழுதுவேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அந்தப் பெண் அதற்குப் பிறகு ஸ்டாண்டுக்கு வரும்போதெல்லாம் நோட்டை ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவாள்.

அந்தப் பணத்தைத்தான் அடுத்த வாரம் வல்லபா பங்கில் போட்டோம். போடச் சொன்னது நான். "வண்டி அமையறதுக்கு எப்படியும் ஆறு மாசம் ஆகுமுங்க்கா. அதுவரைக்கும் பேங்குல சும்மா கெடக்கறதுக்கு இதுல கெடந்தா நல்ல வண்டியாவே வாங்கலாம்," என்றேன்.

"நீங்க சொன்னா சரியாத்தானுங்க இருக்கும்," என்று தன் செல்போனை என்னிடம் நீட்டினாள்.

நான்கு மாதம் விலை ஏறியது. ஸ்டாண்டில் எனக்கு ராஜ மரியாதை. டோமினிக்கூட, "சும்மா ஒரு துணைக்கு," என்று சொல்லிக்கொண்டு நூறு பங்கு வாங்கினான். நானும் என் சேமிப்பை எல்லாம் அதிலேயே போட்டிருந்தேன். என் மகள் கவியாவுக்குக் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் சீட் கிடைத்திருந்தது. அந்த மாதக் கடைசிக்குள் பணம் கட்ட வேண்டும். ஏறட்டும், ஏறட்டும் என்று காத்திருந்தேன்.

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் செய்தி வந்தது. பேட்டரி கொடுப்பதாக இருந்த கம்பெனி விலகிவிட்டது. கணக்குத் தணிக்கை செய்கிறவர் ராஜினாமா செய்துவிட்டார். தொழிற்சாலைக்கு இரண்டு வாரம் விடுமுறை.

வாட்ஸப் குழு பற்றி எரிந்தது. இது சும்மா மிரட்டல், யாரும் விற்காதீர்கள் என்று சுப்பிரமணி எழுதினார். உள்ளே இருக்கிற ஆள் சொன்னாராம். சின்னராஜ், விற்றால் துரோகம் என்று குரலைப் பதிவு செய்து அனுப்பினான். நான் அப்போதே சொன்னேனே என்று டோமினிக் மூன்று முறை எழுதினான். என் தீர்ப்பை எதிர்பார்த்து எல்லோரும் காத்திருந்தார்கள். 'பொறுத்துப் பார்ப்போம்' என்று எழுதினேன். எழுதிய அந்த நிமிடமே, காலையில் சந்தை திறந்ததும் என்னுடையதை விற்றுவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். ஊருக்குத்தான் உபதேசம்.

இப்படிப்பட்ட நாளில் பங்கை விற்பது எப்படி என்று சொல்லிவிடுகிறேன், அது புரியாவிட்டால் நான் செய்தது புரியாது. விலை விழுகிற நாளில் எல்லோரும் விற்க நிற்பார்கள், வாங்க ஆளிருக்காது. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் இறங்கலாம் என்று ஒரு வரம்பு உண்டு. அந்த விலையில் வாங்க வருகிற ஒன்றிரண்டு பேருக்கு, யார் முதலில் விற்க நின்றார்களோ அவர்கள் பங்குதான் போகும். பின்னால் நின்றவர்கள் அப்படியே நிற்க வேண்டியதுதான். எங்கள் ஸ்டாண்டு மாதிரியேதான்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கே கண்ணாயக்கா வந்துவிட்டாள். பழக்கூடை இல்லாமல் அவள் வந்து நான் பார்த்ததில்லை.

"ரைட்டரே, எனக்கு இந்தக் கரண்டு, பேட்டரியெல்லாம் ஒண்ணும் புரியலீங்க. நொம்ப பயமா இருக்குது. போனது போகட்டும், இருக்கறத வித்துக் குடுத்துருங்க. புள்ளைக்கு வண்டி வாங்கோணும்."

"பொறுத்துப் பாக்கலாம்னு சொல்றாங்களேக்கா."

"அவிய பொறுப்பாங்க. நம்மளால முடியாதுங்க."

ஒன்பது மணிக்குத்தான் ஆர்டர் போட முடியும் என்றேன். சரி என்று கொட்டகை ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள். இரண்டு மணி நேரம். டீகூட வேண்டாம் என்றுவிட்டாள். நான் நோட்டை எழுதிக்கொண்டிருந்தேன். அன்றைய வரிசையில் முதல் பெயர் சின்னராஜ். என்னிடம் வந்தவர்களில் முதல் ஆள் கண்ணாயக்கா. அதை எழுதி வைக்கத்தான் நோட்டில் இடமில்லை.

ஒன்பது மணி ஆகப் போகும்போது அவள் செல்போனையும் என் செல்போனையும் நோட்டின் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இரண்டிலும் எல்லாம் அடித்துத் தயாராக வைத்திருந்தேன். ஒரே ஒரு பட்டனை அமுக்க வேண்டியதுதான் பாக்கி. எங்கள் மலையில் அந்த நேரத்துக்குச் செல்போன் சிக்னல் வரும், போகும். ஒன்று போனால் அடுத்தது போகுமா என்று சொல்ல முடியாது. அவள் எனக்கு எதிரில் நின்று ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் கையைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் வேறு மாதிரி செய்திருப்பேனோ என்னவோ. இல்லை, அப்படிச் சொல்லி அவள் மேல் பழியைப் போடுவதும் ஒரு கேவலம்தான். பார்க்காமல் நின்றது நம்பிக்கையால்.

ஒன்பது மணிக்கு என் செல்போனில் அமுக்கினேன்.

வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. அது நிற்கிற வரைக்கும் அவள் செல்போனை நான் தொடவில்லை. என்னுடையது போய்ச் சேர்ந்தது என்று உறுதியான பிறகுதான் அவளுடையதை அமுக்கினேன். நடுவில் நாற்பது விநாடி இருக்கும். நாற்பது விநாடியில் இந்த நாட்டில் எத்தனை ஆயிரம் பேர் வரிசைக்கு வந்திருப்பார்கள் என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

"போட்டாச்சுங்களா?"

"போட்டாச்சுக்கா. ரெண்டு பேருதையும் ஒண்ணாத்தான் போட்டிருக்கேன்."

அவள் என்னுடையதைப் பற்றிக் கேட்கவே இல்லை. நானாகவேதான் சொன்னேன். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதை.

ஒன்பதேகாலுக்கு என்னுடையது விற்றுவிட்டதாகச் செய்தி வந்தது. செல்போனைக் கவிழ்த்து வைத்தேன். அவளுடையது சாயங்காலம் வரை நின்றபடியே நின்றது. மறுநாளும் போட்டேன். அதற்கு மறுநாளும் போட்டேன். ஒவ்வொரு நாளும் விலை ஒரு படி இறங்கியது, வாங்க ஒருவரும் வரவில்லை. பதினோராவது நாள் அந்தப் பங்கின் வியாபாரத்தையே நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

என்னிடம் வந்த பணம் கவியாவின் காலேஜுக்குப் போனது. என் மனைவி சசிகலா ரசீதைப் பார்த்துவிட்டு, "கண்ணாயக்காளுதும் வித்துருச்சுங்களா?" என்று மட்டும் கேட்டாள். உனக்கெதுக்கு அந்தக் கதையெல்லாம் என்று கத்தினேன். அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ரசீதை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

தீபிகா ஒரு நாள் வந்தாள். எஸ்டேட் ஜீப் ஏறுவதற்கு முன்னால், முதுகில் பழம் பறிக்கிற பையோடு. அம்மாவின் செல்போனை நீட்டி, "ரைட்டர் மாமா, இதுல ஒம்பது மணி நாப்பது செகண்டுன்னு போட்டிருக்குதுங்க. இன்னும் வெரசாப் போட்டிருந்தா வித்திருக்குமாங்க?" என்று கேட்டாள். குற்றம் சாட்டவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"அதெல்லாம் யாரும் வித்திருக்க முடியாது கண்ணு. என்றதும் அப்பிடியே நிக்குது."

"உங்களுதுமுங்களா?" என்றாள். அவள் முகம் எனக்காக வாடியது. அன்றைக்கு அவள் நோட்டை எட்டிப் பார்க்கவில்லை.

பொய்யைத் தனியாகச் சுமக்கிற வரைதான் அது சங்கடம். யாராவது நமக்காகப் பரிதாபப்பட ஆரம்பித்துவிட்டால் அதற்குப் பெயர் வேறு. கண்ணாயக்கா ஸ்டாண்டு முழுக்கச் சொல்லிவிட்டாள்: "ரைட்டர ஒரு சொல்லுச் சொல்லாதீங்க. அவருதும் போயிருச்சு, பாவம்." என்னைத் திட்ட வேண்டிய ஆட்களெல்லாம் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். டோமினிக்கூட நான் அப்போதே சொன்னேன் என்பதை என்னிடம் சொல்லவில்லை. நான் சாப்பிடுகிற நேரத்துக்குக் கண்ணாயக்கா இரண்டு ஆரஞ்சை உரித்து இலையில் வைத்து நோட்டுப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவாள். வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. கற்பூரம் காட்டி முடிந்தது. சிவப்பு மையில் அந்த வாரம் யார் பெயரும் இல்லை. ஸ்டாண்டு உண்டியலை எடுத்து வைத்துக்கொண்டு சின்னராஜ் பேசினான். வாரா வாரம் ஆளுக்குக் கொஞ்சம் போடுகிற உண்டியல். கஷ்டம் என்று வருகிறவர்களுக்கு ஒரு முறை ஒருவருக்கு என்று கொடுப்பது வழக்கம். கண்ணாயக்காவும் பதினைந்து வருடமாக அதில் போடுகிறாள்.

"இந்தத் தடவ தீபிகாவுக்குக் குடுக்கலாம். சேலத்துல இருந்து வாடகைக்கு ஒரு வண்டி எடுத்து இங்க ஓட்டட்டும். என்ன சொல்றீங்க?"

எல்லோரும் சரி என்றார்கள். பெண் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவோ நாளுக்குப் பிறகு அவள் கண் நோட்டின் பக்கம் போனது. எனக்கு மூச்சு வந்தது. நான் செய்ததில் ஒரு பங்காவது இதில் கழியும் என்று நினைத்தேன்.

"வேணாமுங்க," என்றாள் கண்ணாயக்கா. "அவளுக்கு வயசிருக்குது. இன்னொரு வருசம் காப்பிப் பழம் பறிப்பா. ரைட்டருக்கு மொதல்ல குடுங்க. பொண்ணக் கோயமுத்தூருல படிக்கப் போட்டிருக்காரு, அவருக்கும் எல்லாம் போயிருச்சு. காலு வேற இப்பிடி. அவரு வாயத் தொறந்து கேக்க மாட்டாருங்க."

தீபிகா அம்மாவின் கையைப் பிடித்தாள். சின்னராஜ் உண்டியலை என் பக்கம் நகர்த்தினான்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஓடிப்போய்விடலாம் என்று பார்த்தால் இந்தக் காலை வைத்துக்கொண்டு எங்கே ஓடுவது? நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். சிவப்புப் பேனாவை எடுத்தேன். எழுதி முடித்து, வழக்கம்போலத் தொண்டையைச் செருமினேன். அந்தச் செருமல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

"மாதேஷ்," என்று வாசித்தேன்.

எந்த மாதேஷ் என்று யாருக்கும் புரியவில்லை. எங்கள் ஸ்டாண்டில் அந்தப் பெயரில் டிரைவர் இல்லை.

"நான்தான். அன்னைக்கு கண்ணாயக்கா ஏழு மணிக்கே வந்துட்டாங்க. வரிசைப்படி அவங்களுதுதான் மொதல்ல போட்டிருக்கோணும். நான் என்றத மொதல்ல போட்டேன். என்றது வித்துருச்சு. பணம் வந்துருச்சு. அவங்களுது நின்னு போச்சு. இத்தன நாளும் பொய் சொன்னேன்."

சுப்பிரமணி தரையைப் பார்த்தார். டோமினிக் கையிலிருந்த கிரீஸ் துணியை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். சின்னராஜ் உண்டியலை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான் டீக்கடைக்குப் போய்த் தட்டை வாங்கினேன். நொண்டிக் காலோடு தட்டைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டன. மற்ற நாளாக இருந்தால் நான்கு பேர் ஓடி வந்து வாங்கியிருப்பார்கள். அன்றைக்கு யாரும் அசையவில்லை. அசையவும் கூடாது, அதுதான் வழக்கம். ஒவ்வொருவராகக் கொடுத்தேன். எடுத்துக்கொண்டார்கள். என் முகத்தைப் பார்க்காமல் குடித்தார்கள்.

தீபிகாவுக்கு நீட்டினேன். வாங்கினாள். ஒரே மடக்கில் சூட்டோடு குடித்துவிட்டு டம்ளரைத் தட்டில் வைத்தாள். "உங்களுத ஒம்பது மணிக்கே போட்டுட்டீங்களா, மாமா?" என்றாள். ஆமாம் என்று தலையாட்டினேன். அவளுக்கு வேண்டியது அந்தப் பதில் மட்டும்தான் போலிருக்கிறது.

கடைசியில் கண்ணாயக்கா. டம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அழவில்லை. புரியாத ஒன்றைப் புரிந்துகொள்ளப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தாள்.

"பொண்ணுக்குக் காலேஜுக்கு வேணுமுன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேங்க," என்றாள். "நானே 'நீங்க மொதல்ல போங்க'ன்னு சொல்லியிருப்பேனே."

அவள் சொல்லியிருப்பாள். அது அந்த இடத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். இப்போதுதானே, கண் முன்னாலேயே, சொன்னாள்.

டம்ளரை நோட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். "அப்பறமாக் குடிச்சுக்கறேனுங்க," என்று சொல்லிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு ஊர் பஸ்ஸுக்கு நடந்தாள்.

உண்டியல் பணம் தீபிகாவுக்குப் போனது. வாடகை வண்டி வந்துவிட்டது. இருபத்தெட்டாவது பெயரை எழுதியது சின்னராஜ்; நோட்டு இப்போது அவனிடம் இருக்கிறது. என்னைப் போகச் சொல்லவில்லை. பயணிகளுக்கு வழி சொல்லிக்கொண்டு அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். கண்ணாயக்கா பழக்கூடையோடு அதே இடத்துக்கு வருகிறாள். என்னைப் பார்த்தால், "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்கிறாள். 'ங்க' குறையவில்லை. ஆனால் ஸ்டாண்டில் அவள் டீ குடிப்பதில்லை, யார் வாங்கிக் கொடுத்தாலும்.

அதனால் நானும் குடிப்பதில்லை. கடைசி ஆள் குடித்த பிறகுதானே என் முறை.